அதே நாளில், அதே புத்தகம்

(திருகோணமலையில் ஆசிரியர்கள், பெற்றோர், நூலகர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

  

இந்த நாட்டில் 1980 முதல் பாடநூல் இலவசம். தரம் 1 இலிருந்து 11 வரை, பாடநூலை எழுதுவிப்பதும் அச்சிடுவதும் லொறியில் ஏற்றி அனுப்புவதும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் வேலை. அந்த லொறி குச்சவெளிக்கும் போகிறது, வெருகலுக்கும் போகிறது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முந்திய காலத்திலும், அதற்கு முந்திய சண்டைக்காலத்திலும்கூட, பிந்தியாவது புத்தகம் வந்து சேர்ந்தது. உலகில் பணக்கார நாடுகள் பலவற்றில் இல்லாத ஏற்பாடு இது. இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. இந்த ஏற்பாடு இருப்பதால்தான் நான் இன்று கேட்கப்போவதைக் கேட்கவே முடிகிறது.

கண்ணால் வாசிக்க முடியாத பிள்ளைக்கும் நாங்கள் அந்தப் புத்தகத்தில் ஒரு பிரதி கொடுக்கிறோம். பட்டியலில் பெயர் இருக்கிறது, கையெழுத்து வாங்குகிறோம், கணக்குச் சரி. பிள்ளை அதைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. வீட்டில் யாராவது எடுத்து வாசித்துக் காட்டும் வரை அது வெறும் கடதாசிக் கட்டு.

மூதூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பையன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். பிறவியிலேயே பார்வை இல்லை. விஞ்ஞானப் புத்தகம் உம்மாவின் மடியில். உம்மா பள்ளிக்கூடம் போனது எட்டாம் வகுப்பு வரை. இரவுச் சாப்பாடு முடிந்து, சட்டி கழுவி, சின்னவளைத் தூங்க வைத்துவிட்டு அவர் வந்து உட்காரும்போது ஒன்பது மணி. ‘ஒளித்தொகுப்பு’ என்ற சொல்லை மூன்று துண்டாக உடைத்து வாசித்தார். “மகன், இந்த இடத்தில ஒரு படம் இருக்கு.” “என்ன படம் உம்மா?” “இலை மாதிரி இருக்கு. அம்புக்குறியெல்லாம் போட்டிருக்கு.” அடுத்த பக்கம். பரீட்சையில் மதிப்பெண் கிடைப்பது அந்த அம்புக்குறிகளுக்குத்தான். “எந்த நேரம் மகன் நீங்க படிக்கிற?” என்று கேட்டேன். “உம்மாக்கு நேரம் கிடைக்கிற நேரம் சேர்” என்றான். முறைப்பாடாகச் சொல்லவில்லை, நேரசூசி சொல்வது போலச் சொன்னான்.

வாசிப்பதற்கும் வாசிக்கக் கேட்பதற்கும் இடையில் உள்ள தூரத்தை அன்றுதான் சரியாக உணர்ந்தேன். வாசிக்கிறவன் நிறுத்தலாம், திரும்பிப் போகலாம், விளங்காத பந்தியை விட்டுவிட்டு நாளைக்கு வரலாம். நாங்கள் எல்லோரும் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைத்தானே முதலில் பார்த்தோம்? அந்தக் கள்ளத்தனத்துக்குக்கூட அவன் உம்மாவிடம் அனுமதி கேட்க வேண்டும்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் யார் யார்? முழுமையாகப் பார்வை இல்லாதவர்கள் மட்டும் அல்ல. கட்புலன் குறைந்த பிள்ளைக்குப் புத்தகத்தின் எழுத்து சிறிது, நிறம் மங்கல். டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளைக்கு வரிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன, அந்தப் பிள்ளையை வகுப்பில் ‘மந்தம்’ என்று ஒதுக்கி வைத்திருப்போம். கையால் புத்தகத்தைத் தூக்கவோ பக்கம் புரட்டவோ முடியாத பிள்ளையும் இதில் சேரும். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், ஏதாவது ஒரு இயலாமையைச் சொன்னார்கள். அவர்களில் பத்து இலட்சத்துக்குக் கிட்டியவர்கள் சொன்னது பார்ப்பதில் சிரமம். பெரும்பாலோர் வயதானவர்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தத் தொகைக்குள் பள்ளிக்கூடப் பையைத் தூக்குகிறவர்களும் இருக்கிறார்கள். செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குச் சைகைமொழியில் பாடம் வேண்டும் என்பது இதைவிடப் பெரிய கதை. அதற்கு இன்னொரு மாலை வேண்டும், இன்று தொடவில்லை.

திருகோணமலைப் பிள்ளைக்கு என்ன வழி இருந்தது? இலங்கையில் பார்வையற்றோர் கல்வி 1912 இல் மேரி சப்மன் அம்மையார் தொடக்கிய பாடசாலையோடு ஆரம்பிக்கிறது, இன்று அது இரத்மலானையில் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்காக 1956 இல் கைதடியில் நவீல்ட் பாடசாலை வந்தது. சுன்னாகத்தில் வாழ்வகம் இருக்கிறது. மட்டக்களப்பிலும் முயற்சிகள் உண்டு. இவை செய்த தொண்டுக்கு நாங்கள் எழுந்து நின்று கைகூப்ப வேண்டும். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையை இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் விடுதியில் கொண்டுபோய் விட ஒரு தாய் சம்மதிக்க வேண்டும். மனம் வராத தாய்க்கு ஊர்ப் பாடசாலைதான் கதி. 1960களின் இறுதியிலிருந்து பொதுப் பாடசாலைகளிலேயே இந்தப் பிள்ளைகளைச் சேர்க்கும் வழக்கம் நாட்டில் இருக்கிறது, விசேட கல்வி அலகுகளும் வந்தன. பிள்ளையை வகுப்புக்குள் எடுத்துவிட்டோம். புத்தகத்தை வகுப்புக்கு வெளியில் வைத்துவிட்டோம்.

சரி, வேறு வடிவம் என்றால் என்ன வடிவம்? இங்கே கொஞ்சம் நின்று பேசப்போகிறேன். நல்ல மனம் படைத்தவர்கள்கூட வழுக்கி விழும் இடம் இது.

“ஒலிப்பதிவு செய்து கொடுப்போமே” என்று உடனே எல்லோரும் சொல்கிறார்கள். செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் தமிழ் எழுத்தைக் காதால் கற்க முடியாது. எங்கள் வாயில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்டன. ‘மழை’ என்று எழுதி ‘மளை’ என்று சொல்கிறோம். நகர, னகர, ணகரமும் அப்படியே. காதால் மட்டுமே படித்த பிள்ளைக்கு ‘பனி’, ‘பணி’ இரண்டும் ஒன்றுதான். சொல் தெரியும், எழுத்து தெரியாது. பத்து வருடம் பாடம் கேட்ட பிறகும் தன் பெயரைப் பிழையின்றி எழுதத் தெரியாத இளைஞர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் கெட்டிக்காரர்கள். யாரும் அவர்களுடைய விரலுக்கு எழுத்தைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

விரலுக்கு எழுத்து கொடுப்பது பிரெய்ல். ஆறு புள்ளி, அவற்றில் எதை உயர்த்துகிறோம் என்பதைப் பொறுத்து 63 வடிவம். 1824 இல், பதினைந்து வயதில், லூயி பிரெய்ல் இதை ஒழுங்குபடுத்தினார். இந்திய மொழிகளுக்கும் இலங்கை மொழிகளுக்கும் பொதுவான ஒழுங்கு ஒன்று 1951 இல் பெய்ரூத்தில், யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டுக்குப் பிறகு நிலைபெற்றது. அதனால் சென்னையில் அடித்த தமிழ்ப் பிரெய்லைத் திருகோணமலைப் பிள்ளை வாசிக்கலாம். கண்ணால் வாசிக்கிறவர்கள் பொறாமைப்பட ஒரு விடயமும் அதில் உண்டு. அச்சில் ‘மொழி’ என்று எழுத முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு மகரம், பிறகு கால் என்று முன்னும் பின்னும் ஓட வேண்டும். பிரெய்லில் ம, ஒ, ழ, இ என்று வாய் சொல்கிற வரிசையிலேயே விரல் போகிறது. தரம் 1 பிள்ளைகள் ஒற்றைக் கொம்பில் தடுக்கி விழுவதைப் பார்த்த ஆசிரியர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அதன் தொல்லையும் இருக்கிறது. ஆங்கிலப் பிரெய்லில் இருப்பது போன்ற சுருக்கெழுத்து முறை தமிழில் நடைமுறையில் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் முழுமையாக வர வேண்டும். அச்சில் ஒரு பக்கம் பிரெய்லில் இரண்டரை, மூன்று பக்கமாக விரியும். ஒரு வரலாற்றுப் புத்தகம் பல தொகுதிகளாகும், தடித்த தாள் வேண்டும், அச்சிடும் இயந்திரம் வேண்டும். ஆகவே என் அபிப்பிராயம் இது: சின்ன வகுப்புகளில் பிரெய்ல் கட்டாயம், அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. மேல் வகுப்புகளுக்குப் போகப் போக, கணினியிலும் கைத்தொலைபேசியிலும் வாசிக்கக்கூடிய நல்ல மின்கோப்பு பெரும் பாரத்தைத் தூக்கும். கணிதத்துக்கு எப்போதும் இரண்டும் வேண்டும்.

இனி அந்த மின்கோப்புக்கு வருகிறேன். “பாடநூல் எல்லாம் இணையத்தில் பிடிஎப் ஆக இருக்கிறதே, பிறகு என்ன?” என்று கேட்கிறார்கள். இருக்கிறது. ஒரு திரைவாசிப்பானைக் கொண்டு அதைத் திறந்து பாருங்கள். திரைவாசிப்பான் என்பது திரையில் உள்ள எழுத்தைப் பேசிக் காட்டும் மென்பொருள். என்விடிஏ என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, 2006 இல் பார்வையற்ற இரண்டு அவுஸ்திரேலிய இளைஞர்கள் தொடக்கியது. தமிழும் பேசும். குரல் கொஞ்சம் இயந்திரக் குரல்தான், ஆனால் பழகிய பிள்ளைகள் நாங்கள் பேசுவதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் அதைக் கேட்டு விளங்கிக்கொள்கிறார்கள்.

இலங்கையில் தமிழ் அச்சு வேலையில் பெரும்பகுதி பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் நடந்தது, இன்னும் நடக்கிறது. தட்டச்சு பழகியவர்களுக்குத் தெரியும், பாமினியில் ‘தமிழ்’ என்று வர ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில விசைகளை அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரிவது தமிழ். கோப்புக்குள் கிடப்பது அந்த ஆங்கில எழுத்துகள். கண் இருக்கிறவன் மேலே உள்ள உருவத்தைப் பார்க்கிறான், திரைவாசிப்பான் உள்ளே கிடப்பதைப் படிக்கிறது. ‘அம்மா’ என்று தொடங்கும் பாடத்தை அது “எம் கே அரைப்புள்ளி கே எச்” என்று படித்துக் காட்டும். ஒரு முழுப் பாடப்புத்தகத்தை இப்படிக் கேட்டுப் பாருங்கள். காற்றில் வானொலி அலைவரிசை தப்பிப் போனது போல இருக்கும்.

ஒருங்குறியில் தமிழ் 1991 இலேயே இடம்பிடித்துவிட்டது. ஒருங்குறியில் ஏற்றிய கோப்பில் தகரம் தகரமாகவே உள்ளேயும் இருக்கும், எந்தக் கருவியும் படிக்கும். பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன என்பீர்கள். கதைப் புத்தகத்துக்குச் சரி. விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரே வரியில் தமிழும், ஆங்கிலச் சுருக்கமும், இரசாயனக் குறியீடும் வரும். கருவிக்கு எது எது என்று தெரியாது. கந்தகத்தின் குறியீட்டையும் சேர்த்துத் தமிழாக்கிவிடும். பிறகு ஒரு மனிதர் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்த வேண்டும். அவர் திருத்தி முடிக்கும்போது புதிய பதிப்பு வந்துவிடும்.

ஸ்கேன் செய்த புத்தகம் என்றால் நிலைமை இன்னும் மோசம். அது எழுத்தே அல்ல, எழுத்தின் படம். திரைவாசிப்பான் மௌனமாகிவிடும். படத்திலிருந்து எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள் தமிழில் நன்றாக வளர்ந்திருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ. ஜி. இராமகிருஷ்ணனின் குழு உருவாக்கிய கருவியைக் கொண்டு, சென்னையில் வேர்த் டிரஸ்ட் 600க்கும் மேற்பட்ட தமிழ்ப் புத்தகங்களைப் பிரெய்லுக்கு மாற்றியிருக்கிறது. பெரிய காரியம். பழைய நூல்களுக்கு அதுதான் வழி. ஆனால் நேற்று கணினியில் தட்டச்சான பாடநூலுக்கு அதே வழியில் போவது என்ன நியாயம்? தட்டச்சு செய்தார்கள், அச்சிட்டார்கள். நாங்கள் அச்சைப் படம் பிடித்து, படத்திலிருந்து எழுத்தைப் பிடுங்கி, பிழை திருத்தி, மீண்டும் தட்டச்சு வடிவத்துக்குக் கொண்டுவருகிறோம். மூலக் கோப்பு எங்கேயோ ஒரு கணினியில் பத்திரமாகக் கிடக்கிறது.

நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். அச்சகத்துக்கு எந்தக் கோப்பு போகிறதோ, அதன் ஒருங்குறி வடிவம், தலைப்பும் உபதலைப்பும் பக்க எண்ணும் அடையாளமிடப்பட்டு, அதே நாளில் இந்தப் பிள்ளைகளுக்கான இடத்துக்கும் போக வேண்டும். இந்த அடையாளங்கள் இல்லாவிட்டால், ஆசிரியர் “பக்கம் 84 ஐத் திறவுங்கள்” என்னும்போது இந்தப் பிள்ளை முதல் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டு வர வேண்டியிருக்கும். கோப்பு ஒழுங்காக இருந்தால் மற்றதெல்லாம் அதிலிருந்தே பிறக்கும். பெரிய எழுத்து அச்சு ஒரு கட்டளையில் வரும். பிரெய்லுக்கு லிப்லூயி போன்ற இலவச மென்பொருளில் தமிழ் அட்டவணை இருக்கிறது. எழுத்தும் ஒலியும் சேர்ந்து ஓடும் டெய்சி நூலும் அதிலிருந்தே வரும்.

இது கனவு அல்ல. அமெரிக்காவில் 2004 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாடநூல் வெளியீட்டாளர்கள் தங்கள் மூலக் கோப்பை ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் ஒரு மத்திய களஞ்சியத்தில் ஒப்படைக்கிறார்கள். 2006 இறுதியில் தொடங்கிய அந்தக் களஞ்சியம், 1858 இல் நிறுவப்பட்டு, பார்வையற்றோருக்காக அச்சு வேலை செய்துவரும் லூயிவில் நகரத்து அச்சு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. அமெரிக்கா பணக்கார நாடு என்று தட்டிக்கழிக்க முடியாது, வங்காளதேசத்தைப் பாருங்கள். அங்கே சிட்டகொங்கைத் தளமாகக் கொண்ட வைப்சா என்ற தொண்டு நிறுவனம், அரசின் எண்ணிமத் திட்டத்தோடு சேர்ந்து, தரம் 1 இலிருந்து 10 வரையான பாடநூல்களை டெய்சி வடிவில் கொண்டுவந்தது. அந்த வேலையை முன்னின்று நடத்திய பாஸ்கர் பட்டாச்சார்ஜி பார்வையற்றவர். எங்களுக்கு அவர்களைவிட ஒரு வசதி கூட இருக்கிறது. அமெரிக்காவில் எத்தனையோ வெளியீட்டாளர்களைக் கட்டுப்படுத்த வேண்டும். இங்கே வெளியீட்டாளர் ஒருவர்தான், அவர் அரசாங்கம். ஒரு சுற்றறிக்கை போதும்.

இந்த இடத்தில் யாராவது மராக்கேஷ் உடன்படிக்கையைப் பற்றிக் கேட்பார்கள். கேட்க வேண்டும். 2013 ஜூன் 27 அன்று மொரோக்கோவின் மராக்கேஷ் நகரில் நிறைவேறியது. நிறைவேறினால் வந்து பாடுகிறேன் என்று சொல்லியிருந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் உண்மையாகவே போய்ப் பாடினார். அச்சை வாசிக்க முடியாதவர்களுக்காக ஒரு நூலை வேறு வடிவத்துக்கு மாற்ற, பதிப்புரிமையாளரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை என்பதும், மாற்றிய பிரதியை உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளலாம் என்பதும் அதன் சாரம். முதலில் உறுதிப்படுத்திய நாடு இந்தியா, 2014 இல். இலங்கை 2016 அக்டோபரில் சேர்ந்தது. 2003 ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் அதற்கேற்ப 2022 இல் திருத்தப்பட்டது.

ஆனால் ஒரு விடயத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தரம் 11 வரையான பாடநூலுக்கு இந்த உடன்படிக்கையே தேவையில்லை. அந்த நூல்களின் உரிமை அரசிடம்தான் இருக்கிறது. தன் சொந்தப் புத்தகத்தை மாற்றிக் கொடுக்க அரசு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? சட்டம் வரட்டும், திருத்தம் வரட்டும் என்று காத்திருந்த வருடங்கள், பாடநூலைப் பொறுத்தவரை, வீணாகப் போன வருடங்கள்.

உடன்படிக்கை கைகொடுக்கும் இடம் உயர்தரம். அங்கே இலவசப் பாடநூல் வரிசை நின்றுவிடுகிறது. பிள்ளைகள் தனியார் வெளியீடுகளையும், ரியூசன் வகுப்பின் ரியூட்டுகளையும், மேலட்டை கிழிந்த பழைய நூல்களையும் நம்பிப் படிக்கிறார்கள். அவற்றை மாற்றச் சட்டம் இப்போது இடம் தருகிறது. தமிழ் இலக்கியம் எடுக்கும் பிள்ளைக்கு இன்னும் நல்லது. சிலப்பதிகாரமும் நன்னூலும் அந்தக் கரையிலும் இந்தக் கரையிலும் ஒன்றுதான். தமிழ்நாட்டில் ஏற்கனவே பிரெய்லாகியிருக்கும் நூலை இங்கே திரும்ப ஒருமுறை தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. இந்தியாவும் இலங்கையும் உறுப்பு நாடுகள், அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

படங்களுக்கு வருகிறேன். கோப்பு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் “படம் 3.2 ஐ அவதானிக்க” என்ற வரியில் பிள்ளை தனித்து நிற்கும். தட்டையான படத்தை மென்பொருள் விளக்காது. சிலர் இப்போது செயற்கை நுண்ணறிவு விளக்கும் என்கிறார்கள். விளக்கும், சில வேளைகளில் இல்லாததையும் சேர்த்து விளக்கும். அந்தப் படம் ஏன் அந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தவர் அதை அங்கே போட்ட நூலாசிரியர் ஒருவர்தான். படத்துக்கு இரண்டு வரி விளக்கம் எழுதும் பொறுப்பை எழுத்தாளர் குழுவிடமே கொடுத்துவிட்டால், மூதூரில் அந்த உம்மா அம்புக்குறியோடு போராட வேண்டி வராது. பாடத்திட்டம் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. புதிய நூல்கள் எழுதப்படும்போதே சொல்லிவிட வேண்டும். அச்சேறிய பிறகு சொன்னால் அடுத்த பாடத்திட்டம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

தேசப்படத்தை விளக்கத்தால் மட்டும் காட்ட முடியாது. அதைத் தொட வேண்டும். எங்கள் மாவட்டத்திலேயே ஒரு ரீச்சர் செய்த இலங்கைப் படத்தைப் பார்த்தேன். தடித்த மட்டையில் கரையோரத்துக்கு முறுக்கு நூல், மகாவலிக்குச் சணல் கயிறு, நகரங்களுக்குப் பயறு. திருகோணமலைக்கு மட்டும் கடலை, ஊர்ப்பாசம். ஒரு பிள்ளை விரலை முல்லைத்தீவிலிருந்து மெல்லக் கீழே இறக்கிக்கொண்டு வந்தது. கரை திடீரென்று உள்ளே மடிந்தது. விரல் கொட்டியாரக் குடாவுக்குள் விழுந்து, சுற்றிச் சுற்றி, உட்துறைமுகத்தின் இடுக்குகளுக்குள் போய் நின்றது. “இவ்வளவு வளைவா ரீச்சர் எங்கட துறைமுகம்?” என்று கேட்டது. அந்தத் துறைமுகத்துக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஏன் மாறி மாறி அடிபட்டார்கள் என்று அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் படம் அடுத்த வருடம் இல்லை. பயறையும் கடலையையும் எறும்பு கொண்டுபோய்விட்டது.

அந்த ரீச்சரை நாங்கள் மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துவோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு ரீச்சர் தன் சம்பளத்தில் பசை வாங்கி, தன் ஞாயிற்றுக்கிழமையில், ஒரே இலங்கைப் படத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டிருப்பது எங்கள் பெருமை அல்ல. ஒரு நல்ல அச்சு வார்த்துவிட்டால், சூடாக்கிய பிளாஸ்டிக் தாளை அதன் மேல் படியவைத்து எத்தனை பிரதியும் எடுக்கலாம். கூட்டாகச் செய்ய வேண்டிய வேலையைத் தனிமனிதரின் நல்ல மனதில் போட்டுவிட்டுக் கைதட்டுகிறோம். ஒக்டோபர் 15 வெள்ளைப் பிரம்பு தினத்திலும் சர்வதேச இயலாமையுடையோர் தினமான டிசம்பர் 3 இலும் இதையேதான் செய்கிறோம். பை கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம். பைக்குள் போடப் புத்தகம் கொடுப்பதில்லை.

எங்கள் மாவட்டத்தில் செய்யக்கூடியது என்ன? திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று ஐந்து கல்வி வலயம். எந்தப் பாடநூல் எத்தனை பிரதி வேண்டும் என்று பாடசாலைகள் முன்கூட்டியே கணக்குக் கொடுக்கின்றன. அந்தப் படிவத்தில் இன்னொரு நிரல் வேண்டும், எந்த வடிவம் என்று. பிரெய்ல், பெரிய எழுத்து, மின்கோப்பு. நிரல் இல்லாத தேவை கொழும்புக்குத் தெரியாது. “தமிழ்ப் பிரெய்ல் யாரும் கேட்கவில்லையே” என்ற பதில் வருகிறது என்றால், கேட்கும் இடம் படிவத்தில் இல்லை என்பதுதான் காரணம். படிவம் மாறும் வரை அதிபர்கள் தனிக்கடிதம் இணைக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. எத்தனை கோரிக்கை வந்தது, எத்தனை நிறைவேறியது என்பதை 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பெற்றோரும் கேட்கலாம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க இயலாமையுடையோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் இயலாமையுடையோர் உரிமைச் சமவாயத்தையும் 2016 பெப்ரவரியில் உறுதிப்படுத்தியிருக்கிறோம். கெஞ்சிக் கேட்க வேண்டிய விடயம் அல்ல இது.

நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, கணினி படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் தட்டச்சு வேலையைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஒருங்குறிக்கு மாற்றிய கோப்பைச் சரிபார்ப்பது, தலைப்பு அடையாளமிடுவது, கணிதச் சமன்பாடுகளைப் படமாக விடாமல் கருவி வாசிக்கக்கூடிய குறியீடாக மாற்றுவது, இவைதான் அவர்கள் கைக்கு ஏற்ற வேலை. பொது நூலகங்களில் ஒரு கணினியில் என்விடிஏ போட்டு, காதில் மாட்டும் கருவி ஒன்று வைத்தால், மென்பொருளுக்குச் செலவு இல்லை. அந்தக் கணினி கட்டாயம் மேல்மாடியில் இருக்கக் கூடாது. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் அது மேல்மாடியில்தான் இருந்தது.

பரீட்சை பற்றி ஒன்று. பிரெய்ல் வினாத்தாளும் மேலதிக நேரமும் கேட்டு வாங்க ஏற்பாடு உண்டு. பெற்றோர் பலருக்கு அது தெரியாது, அல்லது விண்ணப்ப நாள் கடந்த பிறகே தெரியவருகிறது. வருடம் முழுவதும் பிரெய்லைத் தொடாத பிள்ளைக்குப் பரீட்சையன்று மட்டும் பிரெய்ல் தாள் கொடுத்தும் பயனில்லை. தாள் வாங்கிக் கொடுக்கும் ஆசிரியர்கள் அந்தப் பிள்ளை அதுவரை எதில் படித்தது என்றும் கேட்க வேண்டும்.

அவைத்தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், நானும் பார்த்துவிட்டேன். வாசலில் உள்ள மேசையில் மாதிரிக் கடிதம் இரண்டு வைத்திருக்கிறோம். ஒன்று வலயக் கல்விப் பணிப்பாளருக்கு, மற்றது கல்வி வெளியீட்டு ஆணையாளர் நாயகத்துக்கு. இரண்டும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கின்றன. பிள்ளையின் தரம், பாட மொழி, வேண்டிய வடிவம் ஆகிய மூன்றையும் நிரப்புங்கள். வடிவம் எது என்று நிச்சயமில்லாதவர்கள் பிள்ளையையே கேளுங்கள். பிள்ளையோடு வந்தவர்கள் இங்கேயே கேட்டு எழுதிவிட்டுப் போகலாம், நான் மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பதிவுத் தபாலில் போடுங்கள்.